உள்ளே போகத் தெரிந்தவர்

என் வீட்டுக்காரர் ஓட்வார் எங்கள் கூடத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு தவழ்ந்ததை நான் முதன்முதலில் பார்த்தது அக்டோபர் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். டிராம் ஓட்டி முடித்துவிட்டு, சொட்டச் சொட்ட நனைந்த மேலங்கியைக் கழற்றி மாட்டிவிட்டு உள்ளே வந்தால் மனுஷர் நாலு காலில் நிற்கிறார். கண்ணில் கட்டியிருப்பது என்னுடைய நல்ல சமையலறைத் துண்டு. சோபாவை ஜன்னலோரம் தள்ளிவிட்டுத் தரை முழுக்க மஞ்சள் ஒட்டுநாடாவில் கோடு போட்டு வைத்திருக்கிறார்.

"என்ன கூத்து இது?"

"குறுக்க வராத குன்வோர். நான் இப்ப கோல்விக்ல இருக்கேன்."

கோல்விக் நாட்டின் வடகோடி. எங்கள் பெர்கனிலிருந்து மூன்று விமானம் மாறிப் போக வேண்டும். அங்கே பழைய பள்ளிக்கூடம் ஒன்றை எட்டு அறை கொண்ட முதியோர் இல்லமாக மாற்றியிருந்தார்கள். திறக்கலாமா கூடாதா என்று சொல்ல வேண்டிய ஆள், என் துண்டைக் கண்ணில் கட்டிக்கொண்டு என் சோபா காலில் முட்டிக்கொண்டிருந்தார். குளிர்காலம் மலைப்பாதையை மூடுவதற்குள் எட்டு கிழடுகள் தங்கள் ஊருக்கு வந்து சேருமா என்பது எங்கள் கூடத்துத் தரையில்தான் முடிவாகிக்கொண்டிருந்தது. அப்போது எனக்கு அதெல்லாம் தெரியாது. துண்டைப் பிடுங்கிக்கொண்டு கை கழுவப் போய்விட்டேன்.

ஓட்வாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இருபத்து நாலு வயதில் தீயணைப்பில் சேர்ந்தார். முப்பத்தாறு வருஷம் ஒரே நிலையம். கடைசி பதினைந்து வருஷம் குழுத் தலைவர். எங்கள் ஊரில் மலைச்சரிவெல்லாம் மரவீடு. ஒன்று பிடித்தால் தெருவே போய்விடும். அதனால் இந்த ஊரில் தீயணைப்புக்காரர் என்றால் ஒரு மதிப்பு. எனக்கு அவர் அறிமுகமானதும் அப்படித்தான். என் வாடகை வீட்டு அடுப்பில் எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டது. அணைக்க வந்த ஆள், அணைத்த பிறகு அரை மணி நேரம் என்னை நிற்க வைத்துத் திட்டினார். நானும் விடவில்லை, திருப்பித் திட்டினேன். கீழே வண்டியில் உட்கார்ந்திருந்த மற்றவர்கள் ஹாரன் அடித்துக் கூப்பிட்ட பிறகுதான் போனார். மறுநாள் அடுப்பைப் பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். அடுப்பைப் பார்க்க வந்தாராம்!

அறுபது வயதானால் எங்கள் நாட்டில் தீயணைப்புக்காரர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கேக் வெட்டினார்கள், பேசினார்கள், ஒரு பித்தளைக் குழாய்முனையைப் பலகையில் பதித்துக் கொடுத்தார்கள். மறுநாளிலிருந்து என் பாடுதான் திண்டாட்டம். விறகையெல்லாம் நீளவாரியாக அடுக்கினார். பக்கத்து வீட்டுப் புகைபோக்கியைக் கேட்காமலே கழற்றினார். அதுவும் முடிந்ததும் என் டிராமில் ஏறி, விமான நிலையம் வரை வந்து, அதே வண்டியில் திரும்பி வர ஆரம்பித்தார். ஒரு நாளில் மூன்று நடை. மூன்றாவது நடையில் நான் வண்டியை நிறுத்தி, பயணிகள் எல்லாரும் கேட்கும்படி, "ஓட்வார், ஒண்ணு வேலை தேடு, இல்ல வேற பொண்டாட்டி தேடு," என்றேன். பயணிகள் கைதட்டினார்கள்.

வேலையைத் தேடிக் கொடுத்ததும் நான்தான். ஒஸ்லோவில் ஒரு சின்ன நிறுவனம். ஓய்வு பெற்ற தீயணைப்புக்காரர்கள் பத்துப் பேர், நாட்டின் ஆளுக்கொரு மூலையில், அவரவர் வீட்டிலிருந்தே வேலை. கட்டட வரைபடங்களைக் கணினியில் பார்த்து, தீ வந்தால் ஆள் தப்பிக்க முடியுமா என்று சொல்ல வேண்டும். நடத்துகிறவள் சில்யே, எங்கள் மகள் வயதுப் பெண்.

முதல் வாரமே கூத்து. காலை எட்டு மணிக்குத் திரையில் கூட்டம் என்றால் ஏழே முக்காலுக்கே சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டு உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் சில்யே பேசிக்கொண்டிருக்கும்போது அவள் வீட்டுக் கூரையில், புகை வந்தால் அலறும் மணி 'கீக்' என்றது. பேட்டரி தீர்ந்தால் அப்படிச் சத்தம் போடும். அரை நிமிஷத்தில் மறுபடி 'கீக்'. நான் சமையலறையில் காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். ஓட்வார் கழுத்து நரம்பு புடைப்பது அங்கிருந்தே தெரிந்தது.

"சில்யே, அது எத்தனை நாளா கத்துது?"

"ஒரு பத்து நாள் இருக்கும். பழகிருச்சு. சரி, ரெண்டாவது விஷயம் என்னன்னா..."

"ரெண்டாவது விஷயம் இருக்கட்டும். வீட்ல நாற்காலி இருக்கா?"

அந்தப் பெண் நாற்காலியில் ஏறி பேட்டரி மாற்றும் வரை மற்ற ஒன்பது கிழவர்களும் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். மாற்றி முடித்ததும் ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் "ம்" என்றார்களாம். அன்றைக்கு ஓட்வார் சந்தோஷமாக இருந்தார். வேலை பிடித்துவிட்டது என்று எனக்கும் நிம்மதி.

பிறகுதான் கோல்விக் வரைபடம் வந்தது. மற்றவர்கள் திரையில் பார்த்துவிட்டுச் சொல்வார்கள். இவருக்குத் திரை போதாது. இவர்கள் தொழில் அப்படி. புகை மண்டிய வீட்டுக்குள் கண் இருந்தும் இல்லாத கணக்குத்தான். வாசலில் மண்டி போட்டு, வலது கையைச் சுவரில் வைத்து, அந்தச் சுவரை விடாமல் உள்ளே தவழ்ந்துகொண்டே போக வேண்டும். பின்னாலேயே தண்ணீர்க் குழாய் வரும். திரும்பும்போது அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே வெளியே வர வேண்டும். இதைத்தான் கோல்விக்குக்காக என் கூடத்தில் நாடா ஒட்டிச் செய்துகொண்டிருந்தார்.

ஏழெட்டுத் தடவை தவழ்ந்தார். ஏழெட்டுத் தடவையும் ஒரே இடத்தில் போய் மாட்டினார். நடைவழி திரும்பும் இடத்தில் வலது சுவரோடு போனால் சலவை அறைக்குள் போய்விடும். அதற்கு வேறு வழி கிடையாது. தீ பிடிக்கிற அறையே அனேகமாக அதுவாகத்தான் இருக்கும், துணி உலர்த்தும் இயந்திரம் அங்கேதான் இருக்கிறது என்றார்.

மறுநாள் சில்யே திரையில் வந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டியில் பாலாடைக்கட்டி வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"ஓட்வார், விதிப்படி எல்லாமே சரியாதானே இருக்கு?"

"விதிப்படி சரி. புகையில தப்பு."

"அந்தச் சுவரை மாத்தணும்னா வசந்தகாலம் ஆயிடும். எட்டு பேர் காத்திட்டிருக்காங்க."

"காத்திருக்கட்டும். எரிஞ்சு போறத விடக் காத்திருக்கறது மேல்."

சில்யே பெருமூச்சு விட்டாள். ஆனால் அவளும் நேர்மையான பெண். நிபுணர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். 'ஏற்க முடியாது' என்று தாள் போய்விட்டது.

மூன்று வாரம் ஓடியது. ஒரு வியாழக்கிழமை எனக்கு விடுமுறை. நான் மீன் வடை பொரித்துக்கொண்டிருந்தேன். ஓட்வார் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது. கை ஈரமாக இருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டார்.

"ஓட்வாருங்கறது நீதானா?" பொம்பளைக் குரல். வடக்கத்திப் பேச்சு.

"ஆமா. யாரு?"

"கோல்விக் மாரித். நீ வேண்டாம்னு எழுதின வீட்டைப் பெருக்கித் துடைச்சு, சாவியக் கையில வெச்சுக்கிட்டு மூணு வாரமா உக்காந்திருக்கறவ."

ஓட்வார் என்னைப் பார்த்தார். எனக்கென்ன தெரியும்? நான் வடையைத் திருப்பிப் போட்டேன்.

"என்னோட நம்பர் எப்படிக் கெடைச்சுது?"

"உன் தாள்லயே அடியில போட்டிருக்கு. போட்டா கூப்பிடுவாங்கன்னு உனக்குத் தெரியாதா? நல்ல ஆளுய்யா நீ."

பிறகு விஷயத்தைச் சொன்னார். அவருக்கு எழுபத்து நாலு வயது. அந்தப் பள்ளிக்கூடத்தைப் பெருக்கினவர், இப்போது இல்லத்துக்கும் அவர்தான் பொறுப்பு. வீட்டுக்காரர் இசாக், மீனவர். கல்யாணமாகி ஐம்பத்தோரு வருஷம். இரண்டு வருஷமாக நினைவு போய்க்கொண்டிருக்கிறது. கோல்விக்கில் இடமில்லாததால் மலைக்கு அந்தப் பக்கம் நகரத்து இல்லத்தில் இருக்கிறார். மாரித் வாரம் இரண்டு தடவை பஸ்ஸில் போய்ப் பார்க்கிறார். பனிப்புயல் வந்தால் மலைப்பாதையில் தடுப்புக் கம்பத்தை இறக்கிவிடுவார்கள். போன குளிர்காலத்தில் ஒரு தடவை பதினோரு நாள் அடைத்துவிட்டதாம்.

"பன்னண்டாவது நாள் போனேன். என்னைப் பாத்து 'வாங்கக்கா'ன்னான். அக்கான்றான்! அப்புறம் ஒரு மாசம் தினமும் மாதிரி போய்ப் போய் என் பேரை அவன் வாயில வர வெச்சேன். மூணு வாரத்துக்கு முன்னாடி வரைக்கும் சொன்னான். சனிக்கிழமை பெரிய புயல்னு ரேடியோல சொல்றாங்க. நாளைக்கு மத்தியானத்தோட பாதை மூடிரும்ங்கறாங்க. எத்தனை நாளோ, யாருக்குத் தெரியும்? நாலாம் நம்பர் ரூம்ல அவனுக்குக் கட்டில் போட்டு வெச்சிருக்கேன். நீ எதுக்கு வேண்டாம்னே? எனக்கு அத மட்டும் சொல்லு. வெச்சுடறேன்."

ஓட்வார் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சலவை அறையைச் சொன்னார், புகையைச் சொன்னார், வலது கையைச் சொன்னார்.

"எனக்குப் புரியல. வந்து காட்டு."

"ரெண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கேன் மாரித்."

"அப்ப நான் காட்டறேன். நான் இப்ப அங்கதான் நிக்கறேன். தவழணுமா? தவழறேன்."

"இந்த வயசுல வேண்டாங்க."

"ஐம்பது வருஷம் அந்தத் தரைய மண்டி போட்டுத் துடைச்சிருக்கேன். உனக்கு என் முட்டியப் பத்திக் கவலை வேண்டாம்."

நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். இதை விட்டால் வேறு எங்கே பார்ப்பது? மாரித் வீடியோவுக்கு மாறினார். சிவந்த கன்னம், பின்னல் தொப்பி. நாய் கட்டும் வாரில் போனைக் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டு, தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலில் மண்டி போட்டார். எங்களுக்குத் தரைதான் தெரிந்தது. பளபளவென்று துடைத்த தரை.

"வலது கை சுவர்ல. விடாதீங்க," என்றார் ஓட்வார். குரலே மாறிவிட்டது. குழுத் தலைவர் குரல். ஒரு வருஷமாக நான் கேட்காத குரல். "போங்க. நிதானமா. மூலை வருதா? சுவரோட திரும்புங்க."

"திரும்பிட்டேன். ஒரு கதவு. இன்னொரு கதவு. சுவர் வளையுது... சோப்பு வாசம் வருது."

"பாத்தீங்களா!" என்று தொடையில் தட்டினார் ஓட்வார். "சலவை ரூம்! எட்டுத் தடவை தவழ்ந்தேன், எட்டுத் தடவையும் அங்கதான் போய் மாட்டினேன். சொன்னேனா இல்லையா?"

மாரித் தொப்பியைத் தூக்கிவிட்டுக்கொண்டு சலவை இயந்திரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"சரி, வந்துட்டேன். இப்ப நான் ஒண்ணு கேக்கட்டா? தீப்பிடிச்சா இசாக் எதுக்கு வாசல் வழியா உள்ள வரணும்? அவன் என்ன திருடனா?"

ஓட்வார் போனைக் கையில் எடுத்துக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"அவன் கட்டில்லதானே படுத்திருப்பான்? கட்டில்லேர்ந்து பாருப்பா. வா, நாலாம் நம்பருக்குப் போவோம்."

எழுந்து நடந்தார். அறைக்குள் போய்க் கட்டிலில் படுத்தார். தொப்பியைக் கண்ணுக்கு இழுத்துவிட்டார். "எண்ணுங்க," என்றார். நான் எண்ணினேன். மூன்று சொல்வதற்குள் எழுந்துவிட்டார். ஆறில் ஒரு கைப்பிடி திருகும் சத்தம். எட்டில் காற்று போனுக்குள் வந்து இரைந்தது. கடற்பறவை கத்தியது. நான் பதினொன்று சொல்லும்போது மாரித் வெளியே புல்தரையில் நின்று தொப்பியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

எட்டு அறைக்கும் நேரே வெளியே போகிற கண்ணாடிக் கதவு இருந்தது. கட்டிலையே தள்ளிக்கொண்டு போகலாம், அவ்வளவு அகலம். வரைபடத்திலும் இருந்தது. ஓட்வார் கணினியில் திறந்து பார்த்தார். எட்டும் அங்கேயே, தெளிவாக, மூன்று வாரமாக.

"பனி குவிஞ்சு மூடிக்காதா?" என்று கேட்டார். குரலில் சுரத்தில்லை. கேட்டே ஆக வேண்டும் என்பதற்காகக் கேட்டார்.

"மேல கூரை ரெண்டு முழம் நீட்டி இருக்கு. கதவு உள்பக்கமா திறக்குது, பாத்தியா? வடக்க எவனாவது வெளிப்பக்கம் திறக்கற கதவ வெப்பானா? மழை ஊர்க்காரனுக்கு அது எங்க தெரியப் போகுது? பனிய நாங்க காப்பிக்கு முன்னாடியே அள்ளிருவோம்."

"சரி, இசாக் தானா திறப்பாரா? நினைவு..."

"தலைதான் போச்சு, கை போகல. ஆயுசு பூரா படகுல கதவத் திறந்து வெளிய வந்தவன். கதவக் கண்டா திறப்பான்."

"நாளைக்குக் காலைல கூப்பிடறேன் மாரித்," என்று சொல்லி வைத்துவிட்டார். பிறகு வெறும் திரையைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"குன்வோர், அந்தக் கதவுங்கள நான் பாத்தேன். பாக்காம இல்ல. ஆனா நாங்க வந்த வழியாத்தானே திரும்புவோம்? ரூமுக்குள்ள போனா ஆள் இருக்கான்னு தடவிப் பாத்துட்டு குழாயப் பிடிச்சுத் திரும்பிருவோம். அந்தப் பக்கம் இருக்கறது எங்களுக்கு ஜன்னல் மாதிரி வெறும் கண்ணாடி, அவ்வளவுதான். முப்பத்தாறு வருஷமா உள்ள போற வழியத்தான் பாத்திருக்கேன். உள்ள இருக்கறவன் எப்படி வெளிய வருவான்னு ஒரு தடவ கூட யோசிக்கல."

எனக்கு அவர்மேல் பாவமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. "யோசிக்கலைன்னு என்கிட்ட சொல்லி என்ன ஆகப் போகுது? அந்தம்மா சாவியோட உக்காந்திருக்கு. சில்யேவக் கூப்பிடு. இப்பவே!" என்று கத்தினேன்.

கூப்பிட்டார். சில்யே பொறுமையாகக் கேட்டாள்.

"சரி, 'கூடுதல் தகவல் கிடைத்ததால் கருத்து மாற்றப்படுகிறது'ன்னு எழுதிடலாம்."

"கூடுதலா ஒண்ணும் கெடைக்கல சில்யே. எல்லாம் படத்துலயே இருந்துச்சு. நான் தப்பாப் பாத்தேன்னு எழுது."

"அப்படி எழுதினா நம்ம பேரு என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? அது போகட்டும். கருத்த மாத்தணும்னா பத்துப் பேர்ல இன்னொருத்தர் பாத்துக் கையெழுத்துப் போடணும், அது உங்களுக்கே தெரியும். எல்லாரும் ஒரு வாரம் டைம் கேப்பாங்க."

"நாளைக்கு எட்டு மணிக்குக் கூட்டம் இருக்குல்ல? அங்க எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

தீயணைப்பு நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. எவன் சொதப்புகிறானோ அவன் மறுநாள் கேக் வாங்கி வந்து மேஜைமேல் வைத்து, எழுந்து நின்று, என்ன சொதப்பினேன் என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். மறைத்தவனை மன்னிக்க மாட்டார்கள். ஆனால் கேக்கோடு வந்தவனை அதற்கப்புறம் யாரும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு, குடையைத் திருப்பிப் போடுகிற மழையில், ஓட்வார் பேக்கரிக்குப் போய் பாதாம் கேக் ஒன்று வாங்கி வந்தார். கணினிக்கு முன்னால் வைத்தார். எழுந்து நின்றார். நின்றதில் தலை திரைக்கு வெளியே போய்விட்டது. மற்றவர்களுக்கு அவர் வயிறும் கேக்கும்தான் தெரிந்திருக்கும்.

"நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்," என்று ஆரம்பித்து, நாடா ஒட்டியது, தவழ்ந்தது, மாரித் படுத்தது, பதினோரு எண்ணிக்கை என்று ஒன்று விடாமல் சொன்னார். சில்யேயின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

நான் வேலைக்குக் கிளம்ப ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன், அப்படியே நின்றுவிட்டேன். கடைசியில் திராண்ட்ஹெய்மிலிருந்து ஃப்ரூடே என்கிற குண்டு மனுஷர் செருமினார்.

"ஓட்வார், அந்தப் படத்தை இங்க போடு."

போட்டார்கள். ஒன்பது கிழவர்களும் மூக்கைத் திரையில் ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

"எழவு," என்றார் ஃப்ரூடே. "நானும் வாசல்லேர்ந்துதான் பாக்க ஆரம்பிச்சேன். இப்ப கூட, நீ இவ்வளவு சொன்ன பிறகும்."

"நானும்தான்," என்றார் ஒருவர். இன்னொருவரும் சொன்னார். பத்துப் பேரும் ஒரே தொழில். பத்துப் பேருக்கும் அந்தப் பக்கக் கதவு கண்ணாடிதான்.

"சலவை ரூம் கதவுக்குத் புகை வெளிய வராம தானா மூடிக்கற ஸ்பிரிங் ஒண்ணு வேணும்," என்றார் ஃப்ரூடே. "அது மட்டும் போட்டாங்கன்னா நான் கையெழுத்துப் போடறேன். ஒரு வாரம்லாம் எதுக்கு? ஆனா அந்தக் கேக்க நீ ஒருத்தனே திங்கப் போறேங்கறதுதான் எனக்கு வயித்தெரிச்சல்."

அந்த ஊர்ப் படகு மெக்கானிக் ஒன்பது மணிக்கு ஸ்பிரிங்கை மாட்டினார். மாரித் கதவைத் திறந்துவிட்டு அது தானாக மூடுவதை மூன்று தடவை வீடியோவில் காட்டினார். பத்து இருபதுக்குத் தாள் போனது. 'முந்தைய கருத்து என் தவறு' என்று ஓட்வார் எழுதியதை சில்யே கடைசியில் அழிக்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் கையில் ஒன்றுமில்லை. ஊராட்சிக்காரர் கையெழுத்துப் போட வேண்டும், நகரத்து இல்லத்தில் இசாக்கை வண்டியில் ஏற்ற வேண்டும், வண்டி மலையைத் தாண்ட வேண்டும். காற்று ஏற்கெனவே கிளம்பிவிட்டது. பனி தள்ளும் வண்டிக்குப் பின்னால் வரிசையாகத்தான் கார்களை விட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசை இரண்டு மணிக்கு.

நான் அன்றைக்கு டிராம் ஓட்டினேன். ஓட்டும்போது போனைத் தொடக் கூடாது. நினைப்பெல்லாம் அந்த மலைப்பாதையில்தான். முன்பின் பார்க்காத ஒரு மனுஷனுக்காக எனக்கென்ன வந்தது என்று கேட்டால் தெரியாது. ஐம்பத்தோரு வருஷம் கூட வாழ்ந்தவன் அக்கா என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் நினைத்துக்கொண்டேன். விமான நிலைய முனையில் நிறுத்திப் பார்த்தபோது ஓட்வாரிடமிருந்து செய்தி வந்திருந்தது. இசாக் வந்தது வரிசையில் எட்டாவது வண்டி, அதற்குப் பின்னால் இரண்டு லாரி, அதோடு கம்பத்தை இறக்கிவிட்டார்கள். இசாக் கோல்விக் பக்கம் வந்துவிட்டார்.

பாதை ஒன்பது நாள் மூடிக் கிடந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு மாரித் வீடியோவில் கூப்பிட்டார். பின்னால் நாலாம் நம்பர் அறை. ஜன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. சில்யே எங்கள் படிவத்தில் முதல் கேள்வியாக 'கட்டிலிலிருந்து வெளியே எப்படி' என்று சேர்த்திருக்கிறாள் என்று ஓட்வார் சொன்னார். மாரித் தலையாட்டினார். காது கொடுத்துக் கேட்டதாகத் தெரியவில்லை.

"எப்படி இருக்கார்?" என்று கேட்டேன்.

"சாப்பிடறான். தூங்கறான். கதவ நாப்பது தடவ திறந்து மூடறான்." பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். "என் பேர இன்னும் சொல்லல. நானும் கேட்டுப் பாத்துட்டேன். சிரிக்கறான்."

ஓட்வார் தலையைக் குனிந்துகொண்டார். "அந்த மூணு வாரம் என்னால போனது, மாரித்."

"உன்னாலதான் போச்சு. இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா பேரு போனது உன்னாலயா, அதுவா போச்சான்னு எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. அதனால அத விடு. பக்கத்துல இருக்கான். பாரு."

போனைத் திருப்பினார். இசாக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நெடிய மனுஷர், பெரிய கைகள், சுத்தமாகச் சவரம் செய்த முகம். மாரித் அவர் தோளோடு தோளாக உட்கார்ந்து, "இதாம்ப்பா அந்தத் தீயணைப்புக்காரர்," என்றார். இசாக் ஓட்வாரை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். முகத்தில் கவலை வந்துவிட்டது.

"அணைஞ்சிருச்சா?" என்று கேட்டார்.

நான் ஓட்வாரைப் பார்த்தேன். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அணைஞ்சிருச்சு, இசாக்."

"உள்ள யாரும் இல்லையே?"

"யாரும் இல்ல. எல்லாரும் வெளிய வந்தாச்சு."

"மாரித்?" என்றார் இசாக். "மாரித் வந்துட்டாளா?"

திரையில் மாரித்தின் கை வாய்க்குப் போனது.

"வந்துட்டாங்க. உங்க பக்கத்துலதான் உக்காந்திருக்காங்க."

இசாக் திரும்பிப் பார்த்தார்.